யார் யாரைப் படிக்க வேண்டும்? பணியிடப் பண்பாட்டு நுண்ணறிவும் 1941 கிள்ளான் கோரிக்கைப் பட்டியலும்



'பண்பாட்டு நுண்ணறிவு' என்ற சொல் இப்போது எங்கே பார்த்தாலும் காதில் விழுகிறது. நிறுவனங்கள் நடத்தும் பயிற்சிப் பட்டறையில் வருகிறது. வேலைக்கான நேர்முகத் தேர்வில் வருகிறது. நம் மாணவர்களின் கட்டுரைத் தலைப்புகளிலும் 'பல்லினப் பணியிடத்தில் நல்லிணக்கம்' என்பது போன்ற பெயர்களில் வந்துவிட்டது. அந்தத் தலைப்புக்கு வரும் கட்டுரைகளைத் திருத்தி உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், பத்தில் எட்டு ஒரே அச்சு. மூவினமும் ஒற்றுமையாக வாழ்கிறோம், பெருநாட்களில் திறந்த இல்ல உபசரிப்பு வைக்கிறோம், மலாய்க்காரரிடம் ஆள்காட்டி விரலை நீட்டாமல் பெருவிரலால் சுட்ட வேண்டும், இடக்கையால் எதையும் கொடுக்கக் கூடாது, முடிவில் ஒரு பழமொழி. அவ்வளவுதான்.

இவை எதுவும் தப்பில்லை. ஆனால் இவற்றை மட்டும் படித்துவிட்டுப் பார்த்தால், பணியிடத்தில் வரும் உரசல் எல்லாம் தெரியாமையால் வருவது, தெரிந்துகொண்டால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். அது உண்மைதானா? இதைச் சோதித்துப் பார்க்க வெளிநாட்டு உதாரணம் வேண்டாம். நம் கிள்ளானிலேயே ஓர் ஆவணம் இருக்கிறது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தின்போது முன்வைத்த கோரிக்கைப் பட்டியல்தான் அது. வரலாற்றுப் பாடத்தில் அதை ஒரு சம்பவமாகக் கடந்துவிடுகிறோம். இங்கே அதை ஒரு பனுவலாக, ஒரு செய்யுளையோ சிறுகதையையோ வாசிப்பது போல, நிறுத்தி நிதானமாக வாசித்துப் பார்ப்போம்.

கருத்தாக்கம் என்ன சொல்கிறது?

முதலில் கருத்தாக்கத்துக்கு நியாயம் செய்துவிடுவோம். பண்பாட்டு நுண்ணறிவு என்பதை ஒரு தனிக் கருத்தாக்கமாக 2003இல் நூல் வடிவில் முன்வைத்தவர்கள் கிறிஸ்டபர் ஏர்லியும் சூன் ஆங்கும். சூன் ஆங் நம் பக்கத்து நாடான சிங்கப்பூரில், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர். இன்று பயிற்சிகளில் இதை நான்கு கூறுகளாகப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். பிற பண்பாட்டினரோடு பழக வேண்டும் என்ற உந்துதல் முதலாவது. அவர்களின் வழக்கம், மொழி, நம்பிக்கை பற்றிய அறிவு இரண்டாவது. பழகும்போதே 'நான் நினைப்பது சரிதானா?' என்று தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் சிந்தனை மூன்றாவது. சொல்லையும் தொனியையும் உடல்மொழியையும் இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் நடத்தை நான்காவது.

ஆக, இந்தக் கருத்தாக்கம் வெறும் 'செய்யாதே' பட்டியல் கிடையாது. நம் மாணவர்களின் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டாவது கூறோடு நின்றுவிடுகின்றன. அது கருத்தாக்கத்தின் குறை ஆகாது, நம் கற்பித்தலின் குறை.

குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. இந்த நுண்ணறிவை அளக்க 2007இல் சூன் ஆங்கும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட அளவுகோலில் 20 கூற்றுகள் உள்ளன. அவற்றைப் படித்து, தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று அந்த நபரே குறித்துக்கொள்ள வேண்டும். பிறர் மதிப்பிடும் வடிவமும் உண்டு. ஆனாலும் பயிற்சி அறைகளில் பெரும்பாலும் நடப்பது தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வதுதான். ஒரு முதலாளி தனக்கு எவ்வளவு போட்டுக்கொள்வார்? அவரிடம் வேலை செய்பவர் அவருக்கு எவ்வளவு போடுவார்? இரண்டும் ஒன்றாக இருக்குமா? இந்தக் கேள்வியோடு தோட்டத்துக்குள் போவோம்.

தமிழ் தெரிந்த துரை

தோட்ட நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் இடையே இருந்த சிக்கல், ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாததால் வந்தது என்று நினைப்போமானால் அது பாதி உண்மைகூட ஆகாது. வெள்ளைக்காரத் துரைமார் பலருக்குத் தமிழ் தெரியும். தோட்டத்துக்கு வரும் இளம் துரை தமிழ் கற்றுக்கொள்வது வேலைக்கு வேண்டிய தகுதியாகவே கருதப்பட்டது. அதற்கென்றே கைந்நூல்கள் வந்தன.

அவற்றில் இரண்டின் தலைப்பை மட்டும் கவனியுங்கள். இரண்டும் இலங்கைத் தோட்டங்களுக்காகக் கொழும்பில் வெளிவந்தவை. ஏ. எம். பெர்குசன் எழுதி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த நூலின் தலைப்பு 'இங்கே வா!'. சின்னத் துரைக்கான சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி என்பது அதன் துணைத் தலைப்பு. 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய நூல் 'கூலித் தமிழ்'. தேயிலை, ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் புரிந்துகொள்ளும் தமிழ் என்று அதன் அட்டையே சொல்கிறது. இலங்கைக் காப்பித் தோட்ட அனுபவம் உள்ள துரைமார் பலர் பிறகு மலாயாவுக்கு வந்தவர்கள் என்பதால், இந்த மொழிப் பழக்கம் நமக்கும் அயலானது அல்ல.

இலக்கணம் படிக்கும் மாணவர்களுக்கு இங்கே ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. 'இங்கே வா' என்பது முன்னிலை ஒருமை ஏவல். தமிழில் அழைப்பதற்கு எத்தனை வழி! வா, வாரும், வாங்க, வாருங்கள், வர்றீங்களா, கொஞ்சம் வந்துட்டுப் போங்கண்ணே. வயது, உறவு, மதிப்பு எல்லாவற்றையும் ஒரே வினைமுற்றில் காட்டிவிடுகிற மொழி நம்முடையது. இவ்வளவிலும் ஒரேயொரு வடிவத்தைப் பொறுக்கி எடுத்து அதையே புத்தகத்தின் பெயராக வைத்திருக்கிறார்கள். எந்தத் தமிழ் அவர்களுக்குத் தேவைப்பட்டது என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது தலைப்பு இன்னும் நுட்பமானது. அது 'தொழிலாளர் பேசும் தமிழ்' என்று சொல்லவில்லை, 'தொழிலாளர் புரிந்துகொள்ளும் தமிழ்' என்கிறது. பேசுவது ஒரு பக்கம், புரிந்துகொள்வது மறுபக்கம் என்று வேலை பிரித்துக் கொடுத்தாயிற்று.

பண்பாட்டு நுண்ணறிவின் நான்கு கூறுகளை இந்தத் துரைக்குப் பொருத்திப் பாருங்கள். மொழி கற்கும் உந்துதல் உண்டு. தீபாவளிக்கு விடுப்பு விட வேண்டும், மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைகாட்ட வேண்டும் என்ற அறிவு உண்டு. யாரிடம் எப்படிப் பேசினால் வேலை நடக்கும் என்ற கணக்கும் உண்டு. தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொண்டால் நல்ல புள்ளியே கிடைக்கும். அப்படியென்றால் 1941இல் என்ன நடந்தது?

பட்டியலை வாசிப்போம்

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1936இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் தோன்றியது. மலாயாத் தோட்டக் கூலி தொடர்பான சர்ச்சையின் பின்னணியில் 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவி பெற்றுக் குடியேறும் தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தது. போர்க்காலத்தில் ரப்பருக்குத் தேவை ஏறியது, விலைவாசியும் ஏறியது, கூலி மட்டும் அந்த வேகத்தில் ஏறவில்லை. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தொழிலாளரைத் திரட்டியது. அதன் முன்னணியில் நின்றவர் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன். 1941இன் முதல் மாதங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. மே மாதம் நாதன் கைதானார், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் படை இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சப்பானியர் கோத்தா பாருவில் வந்திறங்கினர். அந்தப் பெரிய புயலில் இந்தச் சம்பவம் மறைந்துபோனது.

தொழிலாளர் கேட்டவை என்னென்ன? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி. கொடுமை செய்யும் அலுவலர்களை நீக்கித் தமிழ் பேசுபவர்களை அமர்த்துதல். பிள்ளைகளுக்கு முறையான கல்வி. தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல். சரியான மருத்துவ வசதி. கள்ளுக்கடைகளை மூடுதல். பேச்சுரிமை, கூட்ட உரிமை. உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோதல். துரைமார், கிராணிமார் எதிரில் சைக்கிளிலிருந்து இறங்காமலே போகும் உரிமை. 10 முதல் 12 மணி நேர வேலை நாளை ஒழித்தல். குறை சொல்ல முன்வருபவரைப் பழிவாங்காதிருத்தல். தங்களுக்கென்று சங்கம் அமைக்க அனுமதி.

இப்போது திறனாய்வாளராகப் பாருங்கள். இந்த வரிசையில் எது பொருளாதாரம், எது பண்பாடு, எது தொடர்பாடல்? பிரித்து எழுதச் சொன்னால் மாணவர்கள் திணறுவார்கள். திணறுவதுதான் நல்லது. கூலியும் மரியாதையும் தொழிலாளர் மனத்தில் தனித்தனிப் பெட்டியில் இல்லை. மூன்று கோரிக்கைகளை மட்டும் நெருங்கிப் பார்ப்போம்.

சைக்கிள் கோரிக்கை. துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். எழுதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். இது ஒரு முழுமையான தொடர்பாடல். சொல்லே இல்லை, ஆனால் செய்தி முழுசாகப் போய்ச் சேர்கிறது. துரைக்கும் புரியும், தொழிலாளிக்கும் புரியும், வேலியோரம் நின்று பார்க்கும் தொழிலாளியின் பிள்ளைக்கும் புரியும். இங்கே 'தவறான புரிதல்' எங்கே இருக்கிறது? மிகச் சரியாகப் புரிந்துகொண்டதால்தான் 'இனி இறங்க மாட்டோம்' என்று எழுதிக் கேட்டார்கள். துரைக்குப் பண்பாட்டுப் பயிற்சி கொடுத்திருந்தால் ஒருவேளை இறங்குபவரைப் பார்த்துப் புன்னகை செய்யக் கற்றிருப்பார். அவ்வளவு போதுமா?

தமிழ் பேசும் அலுவலர் கோரிக்கை. அன்றைய தோட்ட அலுவலகங்களில் கிராணி, கண்டக்டர் வேலைகளில் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் நிறைய இருந்தார்கள். ஆங்கிலம் படித்தவர்கள். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே பாலமாக இருக்க வேண்டிய இடம் அது. அந்தப் பாலம் ஒருவழிப் பாதையாகவே இருந்தது. மேலிருந்து ஆணை இறங்கும், கீழிருந்து குறை ஏறாது. ஒன்றைக் கவனியுங்கள், யாழ்ப்பாணத்தவருக்கும் தாய்மொழி தமிழ்தான். மொழி ஒன்றாக இருந்தும் கேட்கும் காது இல்லாமல் போகலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? எனவே 'தமிழ் பேசுபவர் வேண்டும்' என்ற கோரிக்கையை நான் இப்படி வாசிக்கிறேன்: எங்களிடம் தமிழில் பேசுபவர் ஏற்கெனவே இருக்கிறார்கள், நாங்கள் பேசினால் கேட்பவர்தான் வேண்டும்.

கள்ளுக்கடை கோரிக்கை. 'தோட்டத்துத் தமிழன் என்றால் கள் குடிப்பான், அது அவர்கள் பழக்கம்' என்பது வெளியில் இருந்தவர்களின் பண்பாட்டு அறிவு. தொழிலாளர் எழுதிய பட்டியலோ கடையை மூடச் சொல்கிறது. ஒரு சமூகத்தைப் பற்றி 'அவர்கள் இப்படித்தான்' என்று சேர்த்து வைத்திருக்கும் அறிவு, அந்தச் சமூகமே மாற்றத் துடிக்கும் ஒன்றை அதன் அடையாளம் என்று ஒட்டிவிடுகிறது. பண்பாட்டு நுண்ணறிவின் 'அறிவு' என்னும் கூறில் இருக்கிற பெரிய ஆபத்து இதுதான்.

இந்தப் பட்டியலை நிர்வாகத் தரப்பு எப்படி வாசித்தது? பெரும்பாலும் வெளியாரின் தூண்டுதல் என்றே பார்த்தது. தொழிலாளி காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்பான், பேர் கூப்பிட்டால் 'இருக்கேன்' என்பான். அவனே உட்கார்ந்து யோசித்து இப்படிக் கேட்பான் என்று அவர்களால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. தமிழ் படித்த நிர்வாகம், தமிழில் வந்த மிக முக்கியமான செய்தியைப் படிக்கத் தவறியது.

ஒரு மறுப்பு

இதைப் படிக்கும் சில ஆசிரியர்கள் கேட்கலாம்: "1941 காலனி ஆட்சி, கூலிப் பிரச்சினை, அரசியல். அதைக் கொண்டுவந்து இன்றைய அலுவலகப் பண்பாட்டுப் பயிற்சியோடு ஒட்டுவது நியாயமா?"

நியாயமான கேள்வி. காலனித் தோட்டமும் இன்றைய அலுவலகமும் ஒன்றல்ல. இன்று தொழிற்சங்கம் உண்டு, தொழிலாளர் சட்டம் உண்டு, வேலையை விட்டுப் போகும் உரிமை உண்டு. ஆனால் அதிகார இடைவெளி போய்விட்டதா? நெதர்லாந்து அறிஞர் கீர்ட் ஹாப்ஸ்டெட், ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியரிடையே நடத்திய ஆய்வின் அடிப்படையில் நாடுகளை வரிசைப்படுத்தினார். அதிகார இடைவெளியில் மலேசியாவுக்கு 104 புள்ளி, பட்டியலின் உச்சி. மேலே இருப்பவரை எதிர்த்துப் பேசத் தயங்குவது, அதை இயல்பு என்றே ஏற்றுக்கொள்வது என்பதை அந்த எண் காட்டுகிறது. ஒரு நாட்டையே ஒரு எண்ணில் அடக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் நம் அலுவலகங்களில் 'பாஸ் சொல்லிட்டாரு, முடிஞ்சுபோச்சு' என்பதை மூவினமும் ஒரே குரலில் சொல்வதைக் கேட்கும்போது அந்த எண் ஞாபகத்துக்கு வராமல் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். அதிகாரம் சமமில்லாத இடத்தில் கீழே இருப்பவருக்குப் பண்பாட்டு நுண்ணறிவு பயிற்சி இல்லாமலே வந்துவிடும். வராவிட்டால் பிழைக்க முடியாது. துரையின் காலடிச் சத்தத்தில் அன்றைய அவர் மனநிலையைத் தோட்டத்து மக்கள் படித்தார்கள். துரைக்குத் தெரிந்த தமிழைவிடத் தொழிலாளிக்குத் துரையைத் தெரியும். இந்த அறிவுக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆகவே ஒரு பணியிடத்தின் பண்பாட்டு நுண்ணறிவை எடைபோட, 'அங்கே யாருக்கு எவ்வளவு தெரியும்?' என்று கேட்டால் போதாது. 'யார் யாரைப் படிக்க வேண்டியிருக்கிறது?' என்று கேட்க வேண்டும்.

குறளில் இரண்டு குறிப்பறிதல்

இந்தக் கேள்வி நம் இலக்கியத்துக்குப் புதிது இல்லை. திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பு இரண்டு இடத்தில் வருகிறது. பொருட்பாலில் 71ஆம் அதிகாரம், காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். மாணவர்கள் இதை 'ஒரே பெயரில் இரண்டு அதிகாரம்' என்று ஒரு பொது அறிவுத் தகவலாக மனப்பாடம் செய்வார்கள். அதற்குள்ளே இருக்கும் வேறுபாட்டைக் கவனிப்பது குறைவு.

71ஆம் அதிகாரம் அமைச்சியலில் இருக்கிறது. முகத்தையும் கண்ணையும் பார்த்தே உள்ளத்தில் இருப்பதை அறியும் ஆற்றலை அது போற்றுகிறது. அப்படிப்பட்டவரை எதைக் கொடுத்தேனும் துணையாக்கிக்கொள் என்று ஆள்பவனுக்கும் சொல்கிறது. ஆனால் சூழல் அரசவை. படிக்க வேண்டியவர் அமைச்சர், படிக்கப்படும் முகம் அரசனுடையது. இதற்கு முந்திய 70ஆம் அதிகாரமே மன்னரைச் சேர்ந்தொழுகல்தான்.

110ஆம் அதிகாரத்தில் சூழல் வேறு. தலைவன் தலைவியின் பார்வையைப் படிக்கிறான். அவளும் அவனைப் படிக்கிறாள், பாராதது போலப் பார்க்கிறாள். முடிவில் இரு கண்ணும் ஒத்துப் பார்க்கும் நிலை வந்தபின் வாய்ச்சொல்லுக்கு வேலையே இல்லை என்ற இடத்தில் அதிகாரம் நிற்கிறது. அங்கே குறிப்பு இரு திசையிலும் ஓடுகிறது.

பணியிடத்தைக் காதலாக்கச் சொல்லவில்லை! ஒரே திறனுக்கு, உறவின் தன்மையைப் பொறுத்து இரண்டு வடிவம் உண்டு என்பதைக் குறளின் அமைப்பே காட்டுகிறது என்கிறேன். நம் பயிற்சிப் பட்டறைகள் 110ஐக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு 71ஐத்தான் நடத்துகின்றன.

இன்று நம் முறை

இதுவரை படித்தது நம் முன்னோர் பட்ட கதை என்பதால் நமக்கு எளிதாகக் கோபம் வரும். அடுத்தது அவ்வளவு எளிதில்லை.

நான் கற்பிக்கும் மேரு பக்கமும், காப்பார், கிள்ளான் முழுக்கவும் தோட்டங்கள் பல போய்த் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. அங்கே இயந்திரத்தின் முன் நிற்பவர்களில் வங்காளதேசத்தவர், நேப்பாளியர், மியன்மாரியர், இந்தோனேசியர் ஏராளம். அவர்களுக்கு மேற்பார்வையாளராக இருப்பவர்களில் நம் முன்னாள் மாணவர்களும் உண்டு. பெருமைப்பட வேண்டிய வளர்ச்சிதான். ஆனால் அந்தத் தொழிலாளரை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? 'ஓய், பங்களா!' நாட்டின் பெயரில் பாதியை வெட்டி அதையே ஆளின் பெயராக்கிவிட்டோம். நமக்குத் தெரிந்த வங்காள மொழியோ நேப்பாளி மொழியோ எத்தனை சொல்? 'சீக்கிரம்', 'தூக்கு', 'நிறுத்து'. எல்லாம் ஏவல். 'இங்கே வா!' புத்தகத்தை நாம் இன்னொரு மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மொழி ஒன்றாக இருந்தால் சரியாகிவிடுமா? கிள்ளான் லிட்டில் இந்தியாவில், ஜாலான் தெங்கு கிளானாவில், சாப்பாட்டுக் கடைகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்து பரிமாறும் தம்பிகளைப் பாருங்கள். அவர்களுக்கும் தமிழ், நமக்கும் தமிழ். 'ஊர்க்காரன்' என்று ஒரு சொல்லில் தள்ளி வைத்துவிட்டு, 'டேய், தண்ணி கொண்டா' என்கிறோம். அந்தத் தம்பி நம்மைப் படித்து வைத்திருக்கிறான். யாருக்குத் தே தாரேக்கில் சீனி குறைக்க வேண்டும், யார் சில்லறைக்குச் சண்டை போடுவார், எல்லாம் தெரியும். நமக்கு அவன் பெயர் தெரியாது.

மலாய் மொழியில் இருக்கும் கெடாய், மோடால், கப்பால் ஆகிய சொற்கள் நம் கடை, முதல், கப்பல் என்பவற்றிலிருந்து போனவை என்று வகுப்பில் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும், வணிகராக நாம் இங்கே சமமாகப் பழகியதன் அடையாளம் அவை. அதே மலாய் மொழியில் 'கூலி'யும் இருக்கிறது. அதுவும் நாம் கொடுத்த சொல்தான். எந்த உறவில் ஒரு சொல் கைமாறியது என்பதும் அந்தச் சொல்லோடு சேர்ந்து போகிறது. நாம் இன்று கொடுக்கும் சொல் எது?

தேர்வில் எப்படி எழுதலாம்?

மாணவர்களுக்குப் பயன்படும்படி இதைச் சுருக்கித் தருகிறேன்.

முதலில், கருத்தை வரையறுங்கள். பண்பாட்டு நுண்ணறிவின் நான்கு கூறுகளையும் உங்கள் சொல்லில் இரண்டு வாக்கியத்தில் எழுதினாலே கட்டுரை மற்றவர்களுடையதிலிருந்து தனித்துத் தெரியும்.

அடுத்து, ஒரு பொது வாக்கியத்துக்குப் பதில் ஒரு குறிப்பான சான்று. 'பிற இனத்தவரின் பண்பாட்டை மதிக்க வேண்டும்' என்று எழுதினால் திருத்துபவர் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். '1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர், சைக்கிளிலிருந்து இறங்காமல் துரையைக் கடந்து செல்லும் உரிமையைக் கோரிக்கையாக எழுத வேண்டியிருந்தது. மொழி தெரிந்த நிர்வாகத்திடம் மதிப்பு இல்லாமல் போனதை அது காட்டுகிறது' என்று எழுதினால் நிறுத்திப் படிப்பார்.

மூன்றாவது, மறுப்பை நீங்களே எழுப்பிப் பதில் சொல்லுங்கள். மேலே நான் செய்தது போல. கருத்து முரண்பட்டாலும் பரவாயில்லை, வாதம் நிற்க வேண்டும்.

நான்காவது, குறளைப் பயன்படுத்தும்போது ஒரு குறளை மட்டும் பிடுங்கி ஒட்டாமல், அது எந்த அதிகாரத்தில், எந்த இயலில், யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்று சேர்த்து எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பு நடவடிக்கை. மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, ஒரே செய்தியை ('நாளைக்கு முன்னதாக வர வேண்டும்') ஐந்து பேரிடம் சொல்வது போல எழுதச் சொல்லுங்கள்: மேலாளர், வயதில் மூத்த துப்புரவுப் பணியாளர், சீன நண்பர், வங்காளதேசத் தொழிலாளர், தம்பி. பிறகு வாக்கியங்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதி, 'இவர்கள் ஐவரில் யார் உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடியும்?' என்று மட்டும் கேளுங்கள். இலக்கணமும் வரும், வாழ்க்கையும் வரும். 40 நிமிடம் போதாது என்று மாணவர்களே சொல்வார்கள்.

1941 பட்டியலில் பேச்சுரிமையும், குறை சொல்பவரைப் பழிவாங்காதே என்ற வேண்டுகோளும் இருந்ததை மறுபடியும் பாருங்கள். பண்பாடுகளுக்கு இடையிலான தொடர்பாடலுக்கு அந்தத் தொழிலாளர் வைத்த அடிப்படை விதி அது. கீழே இருப்பவர் பயமில்லாமல் ஒரு குறையைச் சொல்ல முடிகிற இடத்தில்தான் மேலே இருப்பவர் எதையாவது கற்றுக்கொள்ள முடியும். மற்றப் பயிற்சியெல்லாம் அதற்குப் பிறகுதான்.